விற்பனை மூன்று மடங்கு, கல்லாவில் காசில்லை

நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை நானே சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். ஒன்றரை வருடமாக மரச்செக்கில் கடலை எண்ணெய் ஆட்டி விற்கிறீர்கள். ஆரம்பத்தில் மாதம் 200 லிட்டர் போனது, இப்போது 600 லிட்டர் போகிறது. லிட்டர் 260 ரூபாய், ஆக மாதம் 1,56,000 ரூபாய் விற்பனை. அதில் கால்வாசி சுற்றுவட்டார மளிகைக் கடைகளுக்குக் கடனாகப் போகிறது. அவர்களுக்கும் அதே 260தான், அவர்கள் 280க்கு விற்கிறார்கள். 22,000 ரூபாய் சம்பளத்தை விட்டுவிட்டு இதில் இறங்கினீர்கள். கடை மாமனார் வீட்டின் முன்பக்கம் என்பதால் வாடகை இல்லை. உதவிக்கு ஓர் ஆள், வங்கியில் 2 லட்சம் கடன், மாதத் தவணை 5,300. இவ்வளவும் சொல்லிவிட்டு, “மூன்று மடங்கு விற்றும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை, நான் முன்னேறுகிறேனா இல்லையா?” என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய வேலைக்கே போய்விடலாமா என்பதும் அந்தக் கேள்விக்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது. அதையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் ஈரோட்டுப் பக்கம் 23 வருடமாகச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். ஆடிட்டர் இல்லை. ஆடிட்டரிடம் போவதற்கு முன்னால் சிட்டையும் பில் கட்டும் வந்து இறங்கும் மேஜை என்னுடையது. எண்ணெயின் தரத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. காசு எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று தேட மட்டும் தெரியும். உங்கள் நோட்டைப் பார்க்காமல்தான் இதை எழுதுகிறேன். அதனால் நீங்கள் கொடுக்காத எண்களை என் பக்கத்து அனுபவத்தில் இருந்து வைத்திருக்கிறேன். அவற்றை உங்கள் எண்களாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். வழி மாறாது, விடை கொஞ்சம் மாறலாம்.

விற்பனையை ஓரமாக வைத்துவிட்டு ஒரு லிட்டரை மட்டும் எடுத்துக்கொள்வோம். செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடுக்க ஏறக்குறைய 2.3 கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 110 ரூபாய் என்றால் 253 ரூபாய். இதைப் பார்த்ததும் வயிறு கலங்கும், ஏனென்றால் விற்பதே 260க்கு. பிண்ணாக்குதான் காப்பாற்றுகிறது. 1.3 கிலோ பிண்ணாக்கு கிலோ 40 ரூபாய்க்குப் போனால் 52 ரூபாய் திரும்பி வரும். பாட்டில், மூடி, ஸ்டிக்கர் 12 ரூபாய், கரண்டு 5 ரூபாய். எல்லாம் போக ஒரு லிட்டருக்கு நிற்பது 42 ரூபாய். உங்கள் தொழிலில் நீங்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய எண் இந்த 42தான், 1,56,000 இல்லை. பருப்பு கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால் இந்த 42, 30 ஆகிவிடும். பிண்ணாக்கு வாங்குகிற மாட்டுக்காரர் 5 ரூபாய் குறைத்துக் கேட்டால் ஆறரை ரூபாய் போகும். எண்ணெய் தெளிவதற்கு வெயிலில் வைக்கும்போது அடியில் தங்குகிற கசடை நான் இதில் சேர்க்கவே இல்லை. அதை ஒரு மாதம் நீங்களே அளந்து பாருங்கள்.

இங்கே ஒரு விஷயம். வீட்டில் இருந்து தூக்குவாளியோடு வருகிறவர்களுக்கு எப்படி அளந்து கொடுக்கிறீர்கள்? என்னிடம் வரும் செக்குக்காரர்களில் பாதிப் பேர் தராசில் வைத்து ஒரு கிலோ நிறுத்துக் கொடுத்துவிட்டு லிட்டர் விலை வாங்குகிறார்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெயின் எடை ஏறக்குறைய 910 கிராம்தான். அப்படியானால் ஒரு கிலோ என்பது 1,100 மில்லி. ஒவ்வொரு தடவையும் 100 மில்லி, அதாவது 26 ரூபாய், வாளியோடு வெளியே போகிறது. நிற்கிற 42 ரூபாயில் 26 ரூபாய்! ஒரு கடையில் இதை மட்டும் சரி செய்ததற்கு அந்த அம்மா எனக்கு இரண்டு வருடம் தீபாவளிக்குப் பலகாரம் அனுப்பினார்.

சரி, உங்கள் மாதத்துக்கு வருவோம். 600 லிட்டருக்கு 42 என்றால் 25,200 ரூபாய். ஆள் சம்பளம் 12,000, பெட்ரோலும் போனும் 2,000, தவணை 5,300. மீதி 5,900. கையில் நிற்பதில்லை என்று நீங்கள் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். 5,900 ரூபாய் ஒரு குடும்பத்தில் எந்த மூலைக்கு? வீட்டுச் சமையலுக்கு எடுக்கிற ஐந்து லிட்டரையும் உறவுக்காரர்களுக்குக் கொடுத்தனுப்பும் பாட்டில்களையும் எழுதினால் இன்னும் குறையும்.

இந்தக் கணக்கில் இரண்டு பேருக்குச் சம்பளம் எழுதவில்லை. ஒருவர் நீங்கள், இன்னொருவர் உங்கள் மாமனார். அந்த முன்பக்கத்தை வேறு யாருக்காவது விட்டிருந்தால் மாதம் 6,000 வந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் காலை ஏழில் இருந்து இரவு எட்டு வரை நிற்கிறீர்கள். பழைய 22,000 வேண்டாம், 15,000 ரூபாயாவது எழுத வேண்டும். இந்த 21,000 ரூபாயையும் மாதாமாதம் போட்டுக்கொண்டிருப்பது உங்கள் குடும்பம். நோட்டில் ஏறாததால் அது செலவாகக் கண்ணில் படவில்லை. நானும் என் மச்சானும் சேர்ந்து நாலு வருடம் ஒரு ஜெராக்ஸ் கடை நடத்தினோம். ஊருக்கெல்லாம் கணக்கு எழுதுகிற நான் அந்தக் கடையில் எனக்குச் சம்பளம் எழுதவே இல்லை. “லாபமாகத்தானே போகிறது” என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். மூடுகிற அன்றைக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டதில், எங்கள் இருவரின் மாலை நேரமும் மணிக்குப் பதினோரு ரூபாய்க்குப் போயிருந்தது. அதனால் இன்றைக்கே “என் சம்பளம்”, “மாமனார் வாடகை” என்று இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். கொடுக்க முடியாவிட்டாலும் எழுதுங்கள். மாமனார் வாங்கமாட்டார் என்பது எனக்கும் தெரியும்.

இப்போது மொத்தம் போடுவோம். ஆள், பெட்ரோல், தவணை, உங்கள் சம்பளம், வாடகை எல்லாம் சேர்ந்து மாதம் 40,300. லிட்டருக்கு 42 என்றால் இதைத் தூக்க 960 லிட்டர் விற்க வேண்டும். நீங்கள் 600இல் நிற்கிறீர்கள். அடுத்து கேட்க வேண்டியது, உங்கள் செக்கால் 960 லிட்டர் ஆட்ட முடியுமா என்று. ஒரு தடவைக்கு 20 கிலோ பருப்பு, நாளைக்கு ஐந்து தடவை என்று எழுதியிருக்கிறீர்கள். 100 கிலோவுக்கு 43 லிட்டர், மாதம் 25 நாள் ஓட்டினால் ஏறக்குறைய 1,080 லிட்டர். ஆக முடியும், ஆனால் விளிம்பில்தான் முடியும். கரண்டு போகிற நாள், ஆள் வராத நாள், செக்கு மராமத்து நாள் எல்லாவற்றையும் கழித்தால் இடைவெளி மிகக் குறைவு. இன்னொரு செக்கு வாங்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்களே, அதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. இருக்கிற செக்கே பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் ஓடுகிறது. இப்போது வாங்காதீர்கள்.

எனக்குக் கண்ணில் உறுத்துவது விலை. உங்கள் எண்ணெயை மளிகைக்கடைக்காரர் 280க்கு விற்கிறார், ஜனங்கள் வாங்குகிறார்கள். அதே எண்ணெய் உங்களிடம் 260. லிட்டருக்குப் பத்து ரூபாய் ஏற்றினால் 42 என்பது 52 ஆகிறது. 960 லிட்டர் தேவைப்பட்ட இடத்தில் 775 லிட்டர் போதும். பத்து ரூபாய்க்காக 600இல் 100 லிட்டர் குறைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 500 லிட்டருக்கு 52 வைத்தால் 26,000, இப்போது வருகிற 25,200ஐ விட அதிகம். ஆட்டுகிற வேலையும் குறைவு. விலை ஏற்ற நம் ஆட்களுக்கு நாக்கு எழாது. “ஆரம்பத்தில் இருந்து வாங்குகிறவர்கள், என்ன நினைப்பார்கள்” என்பார்கள். பருப்பு வியாபாரி உங்களைப் பற்றி அப்படி நினைத்து ஒரு தடவையாவது விலையை நிறுத்தி வைத்திருக்கிறாரா? ஆனால் எத்தனை பேர் விலகுவார்கள் என்பதை நோட்டு சொல்லாது, ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும். முதலில் கடைகளுக்கு மட்டும் ஏற்றி இரண்டு மாதம் பாருங்கள் என்பது என் யோசனை.

இதுவரை சொன்னது லாபம் ஏன் குறைவு என்பது. காசு ஏன் கண்ணிலேயே படவில்லை என்பது வேறு கதை, அதில் உங்களுக்குக் கொஞ்சம் நல்ல செய்தியும் இருக்கிறது. மாதம் 200 லிட்டர் விற்றபோது ஒரு மாதத்துக்கு 460 கிலோ பருப்பு போதும், அதாவது 50,600 ரூபாய். இப்போது 600 லிட்டருக்கு 1,380 கிலோ, 1,51,800 ரூபாய். எப்போதும் ஒரு மாதச் சரக்கு கையில் வைத்திருக்கிறீர்கள் என்றால், இந்த ஒன்றரை வருடத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் காசு பருப்பு மூட்டையாகி மூலையில் உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் கடைகளுக்குக் கொடுத்த கடன். மாதம் 150 லிட்டர் கொடுத்து, காசு வர ஒன்றரை மாதம் ஆகிறது என்றால், எந்த நாளில் பார்த்தாலும் 225 லிட்டருக்கான 58,500 ரூபாய் வெளியில் நிற்கும். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 1,60,000. பதினெட்டு மாதத்துக்குப் பங்கு போட்டால் மாதம் 8,900 ரூபாய். விற்பனை ஏற ஏற இது இன்னும் கேட்கும். வளர்கிற பிள்ளைக்கு மாதாமாதம் சட்டை தைக்கிற கதைதான்.

மாதம் மீதியாவது 5,900, ஆரம்பத்தில் அதுவும் இல்லை. அப்படியிருக்க, மூட்டையிலும் கடனிலும் போய் உட்கார மாதம் 8,900 எங்கிருந்து வந்தது? வங்கிக் கடனில் செக்கு வாங்கியது போக மிச்சமாக இருக்கலாம். சேமிப்பாக, நகைக்கடனாக, பருப்பு வியாபாரியிடம் வைத்திருக்கிற பாக்கியாக இருக்கலாம். எது என்பது உங்களுக்குத்தான் தெரியும், அதைத் தேடி எழுதிவிடுங்கள். நகைக்கடன் என்றால் அதன் வட்டி மேலே போட்ட எந்தக் கணக்கிலும் இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

முன்னேற்றத்தை அளக்க எங்கள் தொழிலில் ஐந்தொகை என்று ஒன்று உண்டு. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஒரு தாள் போதும். கடை ஆரம்பித்த நாளுக்கு ஒரு பத்தி, இன்றைக்கு ஒரு பத்தி. சரக்கு இருப்பு எவ்வளவு, வெளியில் இருந்து வர வேண்டியது எவ்வளவு, கல்லாவிலும் வங்கியிலும் எவ்வளவு, செக்கை இன்றைக்கு விற்றால் என்ன கிடைக்கும். இதைக் கூட்டி, வங்கிக்கும் வியாபாரிக்கும் கொடுக்க வேண்டியதைக் கழியுங்கள். வீட்டில் இருந்து நடுவில் போட்ட காசையும் கழித்துவிடுங்கள். இரண்டு பத்திக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் உண்மையில் நகர்ந்த தூரம். நாலு வருடக் கடனில் பதினெட்டு தவணை கட்டியிருந்தால் அசலில் 60,000 ரூபாய்க்கு மேல் இறங்கியிருக்கும். கையில் தெரியாவிட்டாலும் அது உங்கள் பணம். கணக்குப்படி அசல் கட்டுவது செலவில்லை, கல்லாவுக்கு அந்த நியாயம் புரியாது, அவ்வளவுதான். வர வேண்டியதை எழுதும்போது மனதைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதமாக “அடுத்த வாரம்” சொல்கிற கடையின் பாக்கியை நான் பூஜ்யம் என்றுதான் எழுதுவேன். சிறு உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். உத்யம் என்கிற, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு வைத்திருந்தால் அதைக் காட்டிக் கேட்கலாம், பதிவுக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் தெருமுனை அண்ணாச்சியிடம் சட்டம் பேசினால் பாக்கியும் வராது, அடுத்த ஆர்டரும் வராது. அங்கே ஒரே வழி, பழைய பில்லுக்குக் காசை வாங்கிக்கொண்டு புதுச் சரக்கை இறக்குவது.

மூன்று மடங்கு என்ற சொல்லில் எனக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. முதல் மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிட்டிருக்கிறீர்கள். எண்ணெய் வியாபாரம் மாதத்துக்கு மாதம் ஒரே மாதிரி ஓடாது. தீபாவளிப் பலகார மாதத்தையும் சாதாரண மாதத்தையும் பக்கத்தில் வைத்தால் எது வேண்டுமானாலும் வளர்ச்சியாகத் தெரியும், எது வேண்டுமானாலும் வீழ்ச்சியாகவும் தெரியும். போன ஆடியோடு இந்த ஆடியை, போன ஐப்பசியோடு இந்த ஐப்பசியைப் பாருங்கள். பதினெட்டு மாதத்தில் அப்படி ஜோடி சேருவது ஆறு மாதம்தான். அந்த ஆறிலும் லிட்டரைப் பாருங்கள், ரூபாயைப் பார்க்காதீர்கள். விலை ஏறினாலே ரூபாய் ஏறிவிடும்.

அதைவிட எனக்கு நம்பிக்கை தருவது வீடுகளின் எண்ணிக்கை. நாலு பேர் இருக்கிற வீட்டில் மாதம் இரண்டு, மூன்று லிட்டர் எண்ணெய் செலவாகும். உங்கள் நேரடி விற்பனை 450 லிட்டர் என்றால் 150இல் இருந்து 225 வீடு உங்களை நம்பி இருக்க வேண்டும். இருக்கிறதா? போன் எண்ணை வைத்து ஒரு நோட்டுப் போடுங்கள். தொடர்ந்து மூன்று மாதம் வாங்கின வீடு எத்தனை, ஒரு தடவை வாங்கிவிட்டுக் காணாமல் போன வீடு எத்தனை என்று எண்ணுங்கள். முதல் வருடம் சொந்தக்காரர்களும் பழைய ஆபீஸ் நண்பர்களும் முகத்துக்காக வாங்குவார்கள், அது விற்பனைதான், வியாபாரம் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு மாவுக் கடையில் விற்பனை ஒரு வருடத்தில் இரட்டிப்பானது, அடுத்த வருடம் மூடிவிட்டார்கள். வருகிற ஆள் மாறிக்கொண்டே இருந்தார், திரும்பி வந்தவர் குறைவு. விலை ஏற்றுவதற்கு முன்னால் இந்த நோட்டைப் போட்டுவிட்டால், ஏற்றிய பிறகு யார் விலகினார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

உங்கள் கையில் இல்லாதவையும் இருக்கின்றன. நாட்டுக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதிதான். பாக்கெட் எண்ணெய் விலை டெல்லியில் போடுகிற வரியைப் பொறுத்து ஏறி இறங்கும். 2024 செப்டம்பரில் கச்சா சமையல் எண்ணெய்க்கு 20 சதவீத அடிப்படை இறக்குமதி வரி போட்டார்கள், 2025 மே மாதக் கடைசியில் அதை 10 ஆகக் குறைத்தார்கள். பாக்கெட் எண்ணெய் மலிவாகும்போது உங்களிடம் அரைமனதாக வாங்குகிறவர்கள் நழுவுவார்கள். அப்படி ஒரு மாதம் விற்பனை இறங்கினால் உங்கள் மேல் பழி போட்டுக்கொள்ள வேண்டாம். அதே மாதிரி, பாக்கெட் விலை ஏறின மாதத்தில் வந்த கூட்டத்தை உங்கள் திறமைக் கணக்கிலும் எழுத வேண்டாம்.

ஜிஎஸ்டி பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். எண்ணெயும் பிண்ணாக்கும் சேர்த்து உங்கள் வருட விற்பனை 22, 23 லட்சம் வரும். பொருள் விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் பதிவு கட்டாயமாவது 40 லட்சத்துக்கு மேல், அதனால் இப்போதைக்குத் தேவையில்லை. ஆனால் பெங்களூரில் இருக்கிற நாத்தனார் வழியாக அங்கே விற்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு மாநிலத்துக்கு விற்றால் அந்த 40 லட்ச வரம்பு கிடையாது, முதல் பாட்டிலில் இருந்தே பதிவு வேண்டும். அந்த யோசனையை ஆடிட்டரிடம் கேட்ட பிறகு தொடங்குங்கள்.

வேலைக்குத் திரும்பலாமா என்பதற்கு வருகிறேன். எண்களை வைத்துப் பார்த்தால் இது மூடுகிற கடை இல்லை. லிட்டருக்கு நிற்பது குறைவு, செக்கு பாதி சும்மா இருக்கிறது, விலை ஏற்ற இடம் இருக்கிறது, கடன் தீர்ந்தால் மாதம் 5,300 விடுபடும். அதே சமயம் 22,000 ரூபாயை நீங்கள் இழந்துகொண்டிருப்பதும் நிஜம். அதனால் எனக்கு நானே சொல்லிக்கொள்வது போல ஒன்று சொல்கிறேன். விலையைத் திருத்தி, அளவையைச் சரி செய்து, கடைக் கடனைப் பாதியாக இறக்கிவிட்டு, அதில் இருந்து பன்னிரண்டு மாதம் கொடுங்கள். இப்போது மாதம் 5,900 நிற்கிறது. கடைசி மூன்று மாதம் தொடர்ந்து, தவணை போக, உங்கள் பெயரில் 12,000 ரூபாயாவது எடுக்க முடிந்தால் நடத்துங்கள். முடியவில்லை என்றால் செக்கை விற்காதீர்கள். ஆளை வைத்து வாரத்தில் மூன்று நாள் ஆட்டிவிட்டு நீங்கள் வேலைக்குப் போகிற வழி இருக்கிறதா என்று பாருங்கள், எங்கள் பக்கம் அப்படி ஓடுகிற செக்குகள் இரண்டு இருக்கின்றன. அந்த ஐந்தொகைத் தாளைப் போட்டு முடித்ததும் எண்களை இங்கேயே எழுதுங்கள், கடைகளின் பெயரை மட்டும் எடுத்துவிட்டு.